ஜன்னலைத் துடைத்தவள்

என் கோமுவுக்கு,

நீ விழுந்து விழுந்து பார்ப்பாயே, அப்படிப்பட்ட ஜப்பானியப் பொம்மைப் படம் ஒன்றைச் செவ்வாய்க்கிழமை தியேட்டரில் முழுவதுமாகப் பார்த்தேன். தூங்கவில்லை. "பாக்காமலே மார்க் போடுதியேக்கா" என்று என்னோடு சண்டை பிடிப்பாய். இப்போது பார்த்துவிட்டே போடுகிறேன்: ரசித்தேன்.

அழைத்துப் போனவர் மூன்றாம் மாடி மல்ஹோத்ரா. நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதமாகிறது; அவர் கை இன்னமும் இரண்டு டிக்கெட்தான் வாங்குகிறது. "பஹன்ஜி, ஆதத் ஸே தோ லே லியே. போலாமா?" என்று வாசலில் நின்றார். பழக்க தோஷத்தில் இரண்டு வாங்கிவிட்டாராம், இந்தச் சகோதரி வர வேண்டுமாம். அந்தப் 'போலாமா' நீ கற்றுக்கொடுத்தது.

அவரைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆறு வருஷங்களுக்கு முன், நீ நூலகம் போயிருந்த ஒரு காலையில், உன்னை மணந்துகொள்ள விரும்புவதாக அவர் என்னிடம் சொன்னார். அவர் மனைவியை இழந்தவர். நீ மணமே செய்துகொள்ளாதவள். அப்போது உனக்கு அறுபத்திரண்டு வயது. மூத்தவளிடம் முதலில் கேட்பதுதான் முறை என்று நினைத்தார். கோமதிக்கு இஷ்டமில்லை என்று நான் உடனே சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. சாதி, மொழி, குடியிருப்பில் பேசுவார்கள் என்று பிற்பாடு எனக்கு நானே அடுக்கிக்கொண்டேன். முப்பது வருஷம் தத்துவம் கற்பித்தவளுக்குக் காரணங்களுக்கா பஞ்சம்? உண்மை சின்னது: நீ மூன்றாம் மாடிக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் தனி.

சரி, படம். கதாநாயகி துறைமுக ஊரொன்றில் துணி வெளுப்பவள். கதாநாயகன் மந்திரவாதி, மனம் நெகிழ்ந்தால் அவனைச் சுற்றி மழை கொட்டிவிடும். அவளைப் பார்த்தாலே நெகிழ்கிறான். உலர்த்திய துணியெல்லாம் நனைகிறது. அவள் திட்டுகிறாள், திட்டு வாங்கிய பூரிப்பில் இன்னும் கொட்டுகிறது. நான் உரக்கச் சிரித்ததில் பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சோப்பு நுரையைக்கூட என்ன நுணுக்கமாக வரைகிறார்கள்! குமிழுக்கு ஒரு குட்டி வானம்.

அந்தப் பெண்ணின் வீட்டில் ஒரு பெரியம்மா. எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஜன்னல் கண்ணாடிகளைத் துடைப்பாள். ஒழுங்கான பெண்மணி என்று எனக்கு அவளைத்தான் பிடித்தது. முக்கால் படத்துக்குப் பிறகுதான் காட்டினார்கள். மந்திரவாதி அந்தக் கண்ணாடிகளில் மழைத்துளிகளால் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதி வைக்கிறான். பெரியம்மா தினமும் துடைத்தது அதைத்தான்.

பாப்கார்ன் பொட்டலத்தை மல்ஹோத்ராவிடம் கொடுத்துவிட்டேன். முடிவில் பெரியம்மா உண்மையைச் சொல்கிறாள், இருவரும் சேர்கிறார்கள், ஊரே நனைந்து கூத்தாடுகிறது. அழகான முடிவு. படத்தில் எல்லோருக்கும் நேரம் மிச்சமிருந்தது.

மெட்ரோ நடைமேடையில் மல்ஹோத்ரா உன்னை நினைத்துக்கொண்டார். "முஜே நா கஹா, ஃபிலிம் கோ கபீ நஹீன்" என்று சிரித்தார். தன்னை மறுத்தாயாம், எந்தப் படத்தையும் ஒருநாளும் மறுக்கவில்லையாம்.

அங்கேயே சொல்லிவிட்டேன். நீ மறுக்கவில்லை என்றும், உன்னிடம் நான் கேட்கவே இல்லை என்றும், பிழையில்லாத இந்தியில் இரண்டு வாக்கியம். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "பூச்தீன் தோ வோ க்யா கஹ்தீன்?" கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று.

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சம்மதித்திருப்பாய் என்றால் அவருக்கு ஆறுதல்; மறுத்திருப்பாய் என்றால் எனக்கு. தெரியாது என்றேன். உன்னைப் பற்றி அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

நேற்று லிஃப்டில் பார்த்தோம். நமஸ்தே என்றார். பஹன்ஜி என்று சொல்லவில்லை. நியாயம்தான்.

நீ என்ன சொல்லியிருப்பாய், கோமு? இனி யார் கேட்டாலும், நானே என்னைக் கேட்டுக்கொண்டாலும், உனக்காக நான் பதில் சொல்ல மாட்டேன். இது வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
காந்திமதி
மயூர் விஹார், தில்லி