வாலுக்குள் மூன்று ரிவெட்

மார்ச் 3, ஞாயிறு

மச்சானும் நானும் கட்டும் சின்ன விமானத்தின் வாலுக்குள் இன்றும் ஐந்து மணி நேரம் கிடந்தேன். விமானத்தின் உடல் பின்னால் போகப் போகக் குறுகுகிறது. அதற்குள் நுழையக்கூடிய உடம்பு எங்கள் கார் ஷெட்டில் என்னுடையது மட்டும்தான். மச்சான் வெளியே நின்று துப்பாக்கி போன்ற கருவியால் ரிவெட் ஆணியை அடிப்பார். உள்ளே நான் இரும்புக் கட்டையை நேராக அழுத்திப் பிடித்தால்தான் அதன் அடி நசுங்கித் தகட்டைக் கவ்வும். இரண்டு வருடமாக இதே பிழைப்பு. பேப்பர்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துப் போனாராம். நான் பார்க்கவில்லை.

மார்ச் 9, சனி

பேப்பரில் மச்சான் படம், கையில் துப்பாக்கியோடு. 'தனியொருவராக விமானம் கட்டுகிறார்.' அவர் காலடியில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. என்னுடையது. நான் உள்ளே இருந்தேனய்யா!

மனைவி அண்ணனை விட்டுக்கொடுப்பாளா? பேப்பர்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள். மச்சானிடமே கேட்டேன். "உங்களைப் பத்தியும் சொன்னேன் மாப்பிள்ளை, அவங்க போடல" என்றபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சீட்டாட்டத்தில் பொய் சொல்லும்போதும் அப்படித்தான் துடைப்பார்.

மார்ச் 10

வயிறு எரிகிறது.

மார்ச் 16, சனி

செய்துவிட்டேன். வாலின் கடைசிச் சட்டத்தில் மூன்று ரிவெட்டுக்கு வேண்டுமென்றே கட்டையைச் சாய்த்துப் பிடித்தேன். வெளியே தலை பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அடி ஒரு பக்கமாக மடங்கிவிட்டது, பிடிப்பு இல்லை. "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை விமானத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார். நாலு பேர் முன்னால் இது என்ன வேலை என்று கேட்கட்டும். தனியொருவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

மார்ச் 23

அந்த மனிதர் பார்க்கவே இல்லை! டார்ச் அடித்தார், சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார், மூன்றையும் தாண்டிப் போய்விட்டார். "உள்வேலை ரொம்ப சுத்தம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மச்சான் கூசாமல் நன்றி சொன்னார்.

மார்ச் 24

விமானம் தயாரானதும் அண்ணனுக்குப் பக்கத்தில் முதலில் உட்காரப் போவது என் மனைவியாம். அண்ணனும் தங்கையும் பேசி முடித்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குக் குதித்திருக்க வேண்டியவன், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று ரிவெட்தான் கண்ணில் நின்றது.

மார்ச் 27

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். பழையதைத் துளைத்து எடுத்துவிடலாம். புதிது போட? உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள் வேண்டும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான். அந்த ஆளிடமா போய் நிற்பது? — வேறு வழி இருக்கிறதா என்ன?

மார்ச் 30

சொல்லிவிட்டேன். பேப்பர், செருப்பு, கட்டையைச் சாய்த்தது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக்கூடத் தொடவில்லை.

"எத்தனை?"

"மூணு."

"மத்ததெல்லாம்?"

"நல்லா இருக்கு மச்சான்."

அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது; என் வார்த்தைதான் சாட்சி. துப்பாக்கியை எடுத்தார். மூன்றையும் மாற்றினோம். நான் வெளியே வந்ததும் சொன்னார்.

"என் தங்கச்சி ஏறமாட்டா. முதல்ல என் பக்கத்துல நீங்கதான் உக்காருவீங்க, மாப்பிள்ளை."

மொட்டைமாடிச் சுவர் ஓரம் போனாலே எனக்குத் தலை சுற்றும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நவம்பர் 17, ஞாயிறு

இருபது நிமிடம் மேலே இருந்தோம். நான் கண்ணைத் திறக்கவில்லை. வாலில் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் உயிர் போய் வந்தது. மச்சான் வேண்டுமென்றே இன்னொரு சுற்றுப் போனார்.

இறங்கியபோது அதே பேப்பர்காரர் நின்றிருந்தார். மச்சான் என் தோளில் கை போட்டு அவர் முன்னால் நிறுத்தினார்.

"வாலுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இவருக்குத்தான் தெரியும். கேட்டு எழுதிக்குங்க" என்றார்.

பேப்பர்காரர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். சொன்னால் அந்த மூன்றையும் சொல்ல வேண்டும். நான் என் செருப்பைப் பார்த்தபடி நின்றேன்.