நீ பகிர்ந்த கடைசித் தொகுப்பு

இன்று காலை ஈப்போவில் பஸ் ஏறுமுன் பாலில்லாத கோப்பி ஓ ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டிக் கொடுத்தார். அதை எங்கே மாட்டுவது என்று தேடும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கணினித் திரையின் மூலையில் அல்லவா மாட்டுவாய்? கொட்டிவிடும் என்று நான் கத்துவேன். "கொட்டாதுலா, நீ சும்மா இரு" என்பாய். ஒருநாள்கூடக் கொட்டியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ரப்பர் தோட்டத்தை விட்டுச் சுங்காய்ப் பக்கத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த அக்காமாருக்காக, அங்குள்ள கோயில் மண்டபத்தில் நாம் இருவரும் நடத்திய சனிக்கிழமை வகுப்பு நினைவிருக்கிறதா? ஜெலாப்பாங்கில் நீ வேலை பார்த்த தொழிற்சாலை கழித்துப்போட்ட கணினிகளை நீதான் கேட்டு வாங்கி வந்தாய். காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அவற்றில் போட்டாய். தமிழ்த் தட்டச்சு, எழுத்துரு, கணக்கு விளையாட்டு என்று, யாரும் எடுத்துத் திருத்தி மற்றவருக்குக் கொடுக்கக்கூடிய மென்பொருள்களாகப் பார்த்துப் பொறுக்கினாய். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டி டோரண்டில் விட்டாய். நம்மைப் பார்த்து வேறு ஊர்களில் வகுப்பு தொடங்கியவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

டோரண்ட் என்றால் என்ன என்று நம் மூத்த மாணவி புஷ்பா அக்கா கேட்டார். "கல்யாண வீட்டுல மொதப் பந்தியில சாப்பிட்டவங்க எழுந்து அடுத்த பந்திக்குப் பரிமாறுறாங்கல்ல, அதுதாங்க்கா. உங்க கம்ப்யூட்டருக்கு வந்த துண்ட அது இன்னொருத்தருக்குக் குடுக்கும்" என்றாய்.

அக்காமார் எல்லோரும் புரிந்தது என்று தலையாட்டினார்கள். ஆனால் தோட்டத்து லயத்து வீடுகளில் மின்சாரம் நேரம் பார்த்து வந்த காலத்துப் பழக்கம் விடுமா? எழுந்தால் சுவிட்சைத் தட்டாமல் போகமாட்டார்கள். இறங்கிக்கொண்டிருக்கும் தொகுப்பு பாதியில் நிற்கும். "பந்தி நடக்குறப்பவே அடுப்ப அணைச்சா எப்படிக்கா?" என்று தலையில் கை வைப்பாய். "கரண்டு வீணாவுதுல்ல" என்பார் புஷ்பா அக்கா. அந்த வாதத்தில் நீ ஒருமுறையும் ஜெயிக்கவில்லை.

உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்த நாட்களில் தட்டச்சுப் பாடங்களை உன் குரலிலேயே பதிவு செய்தாய். அவற்றையும் சேர்த்துப் புதிய தொகுப்பை உன் வீட்டுக் கணினியிலிருந்து பகிர ஆரம்பித்தாய். அது யாருக்கும் முழுதாகப் போய்ச் சேருமுன் நீ போய்விட்டாய். வகுப்பையும் நிறுத்திவிட்டோம். உன் தம்பி விவரம் தெரியாமல் அந்தக் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து யாருக்கோ கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தஞ்சோங் ரம்புத்தானில் வகுப்பு நடத்தும் பெண் போன் செய்தபோதுதான் எனக்கே உறைத்தது. "அக்கா, பாடம் பாதியில நிக்குதுக்கா. யாருகிட்டயும் முழுசா இல்ல போலருக்கு." என் கணினியைப் பார்த்தேன். அதிலும் பாதிதான். தட்டச்சு மென்பொருள் எங்கும் கிடைக்கும், உன் குரல் கிடைக்குமா? உட்கார்ந்து அழுதேன்.

பிறகுதான் மண்டபத்துக் கணினிகள் நினைவுக்கு வந்தன. வகுப்பு நிற்கும்வரை அவையும் இந்தத் தொகுப்பைத்தான் இறக்கிக்கொண்டிருந்தன. டோரண்ட் துண்டுகளை வரிசையாக எடுப்பதில்லை. ஒவ்வோர் அக்காவும் ஒவ்வொரு நேரத்தில் சுவிட்சைத் தட்டியிருப்பார். அப்படியென்றால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு துண்டு இருக்கலாம். எல்லோரையும் வரச் சொன்னேன். என் கணினியையும் தூக்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் ஒன்றாக முடுக்கினோம்.

திரையில் கோடு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. ஒருவரும் எழவில்லை. புஷ்பா அக்கா இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசித் துண்டு எந்தக் கணினியிலும் இல்லாமல் போயிருந்தால் அந்த அக்காமார் முகத்தில் எப்படி விழித்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் கோடு நிறைந்தது.

சற்று நேரத்தில் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து போன். "வந்துருச்சுக்கா. யாருக்கா வச்சிருந்தாங்க?"

"யாருகிட்டயும் முழுசா இல்லம்மா. எல்லாருகிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சு."

முதல் பாடத்தைத் திறந்தேன். "வெரல பாக்காதீங்கக்கா, திரையப் பாருங்க. அவசரம் இல்லலா, மெதுவா போலாம்" என்றாய். புஷ்பா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "சரிம்மா" என்றார்.

வகுப்பு மறுபடி நடக்கிறது. இப்போது நான் தனியாக நடத்துவதாக எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பதிவில் பேசித் தொடங்கி வைப்பது நீதான். நான் பின்னால் நின்று, நீ அதட்ட அதட்டச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.