தம்பியின் அறைக்கு வந்த புது டிவி

சக்காய்,
ஜூன் 14

அன்பு மகள் அயனோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் லிஸ்பனில் சுகமாக இருக்க வேண்டும். தம்பியும் நலம் என்று எப்போதும் எழுதிவிடுவேன், இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் தபால்.

தம்பி தக்குமா வேலையை விட்டு அறைக்குள் போய் அடைந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. கதவடியில் தட்டை வைப்பேன், காலியாகத் திரும்பும். அந்தப் பழைய கேம் பெட்டிதான் அவனுக்குத் துணை. அதன் சத்தம் கேட்டால் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நான் என் வேலையைப் பார்ப்பேன். போன வாரம் அவனுடைய டப்பா டிவி ஒரேயடியாக அணைந்துபோனது. அன்றிலிருந்து சத்தமும் இல்லை, சாப்பாடும் இல்லை. மூன்று நாள் மிசோ சூப் ஆறி அப்படியே இருந்தது. அப்பாவிடம் அழுதேன், "விடு கினுவே, பசிச்சா தானா வெளிய வருவான்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஒரு தட்டை டிவி வாங்கி அவன் அறை வாசலில் வைத்தேன். உள்ளே போனது, மறுநாள் காலையில் வெளியே நின்றது. மேலே ஒரு சீட்டு, "வயர் சேரல. விட்டுடுங்க" என்று. எதை விடச் சொல்கிறான், அயனோ?

கொட்டுகிற மழையில் நிப்பொன்பாஷி கடைத்தெருவுக்கு ஓடினேன். பழைய கேம் சாமான் விற்கிற ஹிராத்தா அம்மாள், "பழைய கேம் வயர்ல மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு முனை இருக்குமே, அதைச் செருக இந்தக் காலத்து டிவியில இடமே கிடையாதும்மா" என்று உள்ளங்கை அளவில் ஒரு மாற்றுப் பெட்டி கொடுத்தாள். அதை டிவியோடு சேர்த்து வாசலில் வைத்தேன். சத்தம் வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் உள்ளே ஏதோ சுவரில் மோதியது. "அம்மா, நான் பட்டனை அழுத்துறேன், பொம்மை அப்புறமா குதிக்குது. எனக்கு எதுவுமே சரியா வராது." இரண்டு வருஷம் கழித்து அவன் குரலைக் கேட்கிறேன், கேட்டது இதுதான்.

ஹிராத்தாவுக்குப் போன் போட்டேன். "டிவி படத்தை அழகுபடுத்துறேன்னு நேரம் கடத்துதும்மா. செட்டிங்ல கேம் மோடு போடுங்க" என்றாள். ரிமோட்டோ வெளியே அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. "ரிமோட் என்கிட்ட இருக்குடா கண்ணா, திற" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். திறந்தான். முடி மார்புவரை தொங்குகிறது, கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கண்ணீரில் எனக்கு டிவித் திரையில் எழுத்தே தெரியவில்லை. அப்பா எப்போது வந்தாரோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அந்தக் கேம் மோடைத் தேடிப் போட்டார். "இப்ப அழுத்து" என்றார். அழுத்தினான். "உடனே குதிக்குதா?" "குதிக்குது." அவ்வளவுதான் தகப்பனும் பிள்ளையும் பேசியது. கதவு மூடிக்கொண்டது. அன்று பாதித் தட்டு சாப்பிட்டிருந்தான்.

அப்பா நடையிலேயே உட்கார்ந்து, "டிவியைச் சரிபண்ணிக் கொடுத்து நாமளே அவனை உள்ள வச்சுப் பூட்டிட்டோம்" என்றார். அது பொய்யில்லைதான். பட்டினி கிடந்த பிள்ளைக்கு நான் வேறென்ன செய்வேன்? எனக்கு வழி தெரியவில்லை, அயனோ.

நீ அவனுக்கு எழுது. எப்போது வெளியே வருவாய் என்று மட்டும் கேட்காதே. அங்கே என்ன சமைத்தாய், வெயில் எப்படி என்று எழுது, போதும். நீங்கள் இருவரும் குறைவின்றி வாழ வேண்டும், வேளைக்குச் சாப்பிடுங்கள். உறையில் என் பெயரைப் போடாதே, அவன் பெயரை எழுது. ஏழு வருஷமாக இந்த வீட்டுக்கு அவன் பெயரில் ஒரு கடிதம் வந்ததில்லை.

உன் அம்மா,
கினுவே