தேயிலைப் பெட்டிகளில் ஓர் உடை அறை

மதினி,

மகள் வீட்டுப் படுக்கையறையில் காலையிலிருந்து ஒட்டுப்பலகை அறுக்கிறார்கள். உள்ளே நடந்துபோய் நின்று உடை மாற்றும் அலுமாரியாம். தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து, வேண்டியபடி அடுக்கிக்கொள்ளலாமாம். புத்தம்புதிய யோசனை என்றார் வரைபடம் கொண்டுவந்தவர். பலகைத்தூளின் வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதற்காக உங்கள் யோசனைக்கு இன்னொருவர் உரிமை கொண்டாடுவதை நான் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தீர்கள். ஒரே காம்பரா, ஒற்றை அறை; உங்களோடு ஐந்து பேர். சேலை மாற்ற ஒரு மூலை கிடையாது. விடியுமுன் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓட வேண்டிய நீங்கள், அடுப்புப் புகைக்குள் நின்று, என்னை வாசலில் காவல் வைத்து அவசரமாகச் சுற்றிக்கொள்வீர்கள். கொசுவம் ஒருநாளும் நேராக நின்றதில்லை.

"நான் என்ன திருடியா புள்ள, ஒளிஞ்சு ஒளிஞ்சு உடுத்த?" என்றீர்கள் ஒருநாள்.

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகள் எட்டைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். கரியால் தரையில் கோடு கிழித்து, இரு கைகளையும் விரித்து நின்று, கொசுவம் மடிக்க எவ்வளவு இடம் வேண்டுமென்று அளந்தீர்கள். மூலையை மறைத்து நான்கு நான்காக இரண்டு அடுக்கு. வாய்கள் எல்லாம் உட்புறம். வழிக்கு ஒரு சாக்குத் திரை. பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாள் மலை ஈரத்தைத் துணியில் அண்டவிடவில்லை.

வேலை விட்டு வந்த அப்பா கண்டது பெட்டிகளின் முதுகை மட்டும்.

"வந்து மூணு மாசத்துல வீட்டுக்கு நடுவுல செவரு வச்சிட்டியேம்மா! பிரிஞ்சு போறதுன்னா வாய்விட்டுச் சொல்லு. எறக்கு எல்லாத்தையும்!"

அண்ணன் கூரைத் தகரத்தை ஆராய்ந்தார். பின்னாளில் பல்கலைக்கழக மேடைகளில் வாதாடிய நானும் அன்று வாய் திறக்கவில்லை. அம்மாதான் பேசினார்.

"முப்பது வருசமா நான் கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டே சீல மாத்துறேன். ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

நீங்கள் அழவுமில்லை, வாதாடவுமில்லை. பெட்டிகளை இறக்கி, பாதியின் வாயை வெளிப்பக்கம் திருப்பி மறுபடி அடுக்கினீர்கள்.

"செவரு இல்லீங்க மாமா, பெட்டிதான். இந்தாங்க, இது ஒங்களுக்கு."

அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒன்று. அதுவரை அவருடைய கோட்டும் தலைப்பாகையும் ஆணியில் தொங்கியவை. "எனக்கா?" என்றார். தனக்கென்று ஒரு பெட்டி அவருக்கு அந்த வயதுவரை இருந்ததில்லை. மறுநாள் மாலை, ஒன்பதாவது பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார்.

"இது ஒங்க அத்தைக்கு. உள்பக்கமாப் பாத்து வையி."

அன்றிலிருந்து திரைப்பக்கம் வரும்போதெல்லாம் செருமிவிட்டு, பதில் வரும்வரை நின்றார்; தோட்டத் துரையின் பங்களா வாசலைத் தவிர வேறெங்கும் அப்படி நின்றறியாத மனிதர்.

உங்களைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கில்லை. நீங்கள் வைத்த ரசத்தை வாயில் வைக்க முடியாது. ஆனால் எந்த வீட்டிலும் மூடிய கதவையோ திரையையோ கண்டால் நானும் செருமிவிட்டு நிற்கிறேன். பேத்திகள் என்னைப்போல் செருமிக் காட்டிக் கேலி செய்கிறார்கள். கேலி செய்துகொண்டே, அவர்களும் தட்டிவிட்டுத்தான் நுழைகிறார்கள்.