நூல் சுற்றிய மோதிரம்

பாளையங்கோட்டை,
1912 அக்டோபர் 14.

அன்புள்ள அத்தானுக்கு, பாக்கியவதி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் அம்மாவும் இங்கே சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதுகிறீர்கள். அதைத்தான் நான் நம்பவில்லை.

உங்களோடு எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் மணப்பாட்டுச் சிலுவை அண்ணாச்சி பர்மாவிலிருந்து வந்துவிட்டார். நீங்கள் கொடுத்தனுப்பிய சேலையை நேற்று இடது கையால் நீட்டினார். இதென்ன மரியாதை என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகுதான் வலது கையைப் பார்த்தேன். மோதிர விரல் இல்லை. இரும்புக் குழாயைக் கிணற்றுக்குள் இறக்கும்போது மோதிரம் சங்கிலியில் மாட்டி, விரலோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். "அங்கன முழுக் கையோட இருக்கவன் புதுசா வந்தவனாத்தான் இருப்பான், தங்கச்சி" என்று சிரிக்கிறார்.

உங்கள் கல்யாண மோதிரம் தொளதொளவென்று இருக்கிறது என்று, நீங்கள் கப்பலேறும் முன் உங்கள் அம்மா நூல் சுற்றி இறுக்கிக் கொடுத்தார்களே, அந்த நூலை உடனே அறுத்துவிடுங்கள். மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். கோயிலில் பாதிரி ஐயர் ஜெபித்துக் கொடுத்ததைக் கழற்றச் சொல்கிறாயே என்று உங்கள் அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். நான் கழுத்தை நீட்டியது உங்களுக்கு, மோதிரத்துக்கு அல்ல.

கார் நெல் அறுப்பு முடிந்து பிசானப் பயிருக்கு நாற்றுப் பாவியாயிற்று. ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது. வயலை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

சிலுவை அண்ணாச்சியிடம் உங்கள் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அவரு நல்லாத்தான் இருக்காரு" என்றார். கையைத்தான் கேட்கிறேன் என்றேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்ததும் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். கிறிஸ்துமசுக்கு வர இயலாது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தம்தான் இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

மறைக்காதீர்கள் அத்தான். என்ன ஆகியிருந்தாலும் வந்துவிடுங்கள். சோறு பிசைந்து நான் ஊட்டுகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கோயிலுக்குப் போனால் உங்கள் பாட்டுப் புத்தகத்தையும் நானே பிடித்துக்கொள்கிறேன். அந்தக் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தூர தேசத்திலேயே இருந்துவிட மட்டும் நினைக்காதீர்கள். அதை என்னால் தாங்க முடியாது.

கர்த்தர் உங்கள் கைகளைக் காப்பாராக. காக்காமல் விட்டிருந்தால், மீதி இருப்பதை என்னிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள்
பாக்கியவதி