இருபத்துமூன்று சுரைக்குடுக்கைகள்

வெண்ணுரையாறு பாயும் அலைமருத நாட்டை அறம் பிறழாது ஆளும் எழினிக்கோ மன்னரின் செங்கோல் நீடுக. அவர்தம் அமைச்சன் கோவிளங்கண்ணன், மருதந்துறை நீச்சற் கல்லூரித் தலைவர் செழும்பரிதியார்க்கு விடுக்கும் ஓலை. உம் இல்லத்தாரும் மாணாக்கரும் ஆசான்மாரும் நலமுடன் வாழ்க. ஆசான்மார் ஐவரும் வாழ்க என்றே எழுத வந்தேன். ஐவர்தாமா என்னும் ஐயம் எழவே நிறுத்திக்கொண்டேன்.

பங்குனியில் நீர் அனுப்பிய பட்டியலில், நீந்தத் தேர்ந்தோர் முப்பத்திருவர், பயிற்றும் ஆசான்மார் ஐவர் என்று கண்டிருந்தது. அதன்படியே நெல்லும் எண்ணெயும் குறைவின்றி உமக்கு வந்தன. அதனை நம்பியே, வரும் ஆடிப்பெருக்கன்று துறையில் நீராடும் மக்களைக் காக்க, அம்முப்பத்திருவரும் வெள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டுமென மன்னர் பணித்துள்ளார். பெருக்கிற்கு இன்னும் நான்கு நாளே உள்ளன.

உம் கல்லூரி வழக்கம் யான் அறியாததன்று. நீந்தப் பழகுவோன் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறங்குவான். துணையின்றி ஆற்றைக் கடந்த நாளில் அதனை அவிழ்த்து, தன் பெயர் கீறி, கரையோர மருதமரத்தில் தொங்கவிடுவான். சென்ற கிழமை என் எழுத்தன் நக்கண்ணன் அங்கு வந்து, அண்ணாந்து பார்த்து எண்ணினான். ஒன்பதே தொங்கின. மற்றவை எங்கேயென வினவியதற்குக் குரங்குகள் கொண்டுபோயின என விடை பகர்ந்தீராம். நன்று! ஒன்பதை விட்டுவிட்டு இருபத்துமூன்றை மட்டும் எண்ணி எடுத்த அக்குரங்குகளையும் ஆசான்மாராகப் பட்டியலிற் சேர்த்திருக்கலாமே!

நக்கண்ணன் அதனோடு விட்டானல்லன். மடைப்பள்ளியில் சோறு வடிக்கும் பூதியம்மையிடம் பேச்சுக் கொடுத்தான். ஆசான்மார் மூவரின் தலைமுடி நனைந்து தான் ஒருநாளும் கண்டதில்லை என்றும், உண்ணும் வேளைக்கு மட்டும் அவர்கள் தவறாது வருவர் என்றும் அவள் உரைத்தாள். பிள்ளைகள் பலர் இன்னும் குடுக்கையோடேதான் நீந்துகின்றனர் என்றும், பெருக்கன்று அதனை அவிழ்த்துவிட்டு இறங்க வேண்டுமென நீர் சொன்ன நாள்முதல் அவர்கள் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்றும் சொல்லி அழுதாள். பின்பு கொல்லையறையைத் திறந்து காட்டினாள். அங்கே இருபத்துமூன்று குடுக்கைகள், கட்டிய கயிற்றில் ஈரம் காயாமல் கிடந்தன.

செழும்பரிதியாரே, கேளும். இல்லாத ஆளின் பெயரை எழுதியிருந்தால் இழப்பு நெல்லோடு போயிருக்கும். நீர் எழுதியவை உயிருள்ள பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். பட்டியல் நிறைந்து காணவேண்டும் என்பதற்காகப் பழகாத பிள்ளைகளைப் பழகியவர் என்று எழுத உமக்கு எப்படி மனம் வந்தது?

இனி என் பிழையையும் சொல்கின்றேன். உம்மை நெடுநாள் அறிந்தவன் என்பதால், மரத்தடிக்கு ஓர் ஆளையும் அனுப்பாமல் அப்பட்டியலுக்கு முத்திரையிட்டு மன்னரிடம் சேர்த்தவன் யானே. ஊரையெல்லாம் ஐயுறுபவன் என்று பெயர் வாங்கியும், ஐயுற வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். நாளைக் காலை மன்னர் திருமுன் இதனைச் சொல்லி, முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைக்கப்போகின்றேன். நீரும் வந்து என் பக்கத்தில் நின்று உம் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அதற்குமுன் அம்மோதிரத்தைக் கடைசி முறையாக இங்கே அழுத்தி ஆணையிடுகின்றேன்: குடுக்கை அவிழ்க்காத இருபத்துமூவரில் ஒருவனும் பெருக்கன்று வெள்ளத்தில் கால் வைக்கலாகாது. இவ்வோலை கைக்கு வந்த நாழிகையிலேயே அவர்களை அழைத்து இதனைச் சொல்லுக.

இவை, நாளைக் காலைவரை அமைச்சனாக இருக்கும் கோவிளங்கண்ணன் எழுத்து.