மாற்றாத வாட்டர் பம்ப்

சீமகுர்த்தி
மே 27

அன்பு மகள் ஹைமாவுக்கு நான்னா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, குண்டூர் டாக்டரின் மருந்தில் அதுவும் கொஞ்சம் தேவலை. பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்குமே, நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே ரோகிணி வெயில், பத்து மணிக்கு மேல் வாசல் கல்லில் கால் வைக்க முடியவில்லை. அம்மா ஆவக்காய் போட்டுவிட்டாள், உனக்கென்று ஒரு ஜாடி தனியாக இருக்கிறது, அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல், கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "ஒரு தடவை விட்டுக்கொடுத்திருக்கலாமே நான்னா, மாலகொண்டையா பாபாய் நமக்கு அந்நியமா, சித்தப்பா மாதிரிதானே" என்று கேட்டாய். நான் உடனே போனை அம்மாவிடம் கொடுத்தது கோபத்தினால் இல்லை, போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அவன் உன்னைக் கூப்பிட்டு அழுதான் என்று அம்மா அப்புறம்தான் சொன்னாள். பாதியைத்தான் அவன் சொல்லியிருப்பான். நீயும் அங்கே சுரங்கத்து வண்டிகளைப் பழுது பார்க்கிறவள்தானே, நடந்ததை முழுசாக எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

நம் குவாரியின் பெரிய பொக்லைனில் ஏப்ரல் மாதம் தினம் ஒன்றரை லிட்டர் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஹோஸ், கிளிப் எல்லாம் சரி. மறுநாள் காலை இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினேன், முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினால் வாட்டர் பம்ப்பின் வயிற்றில் இருக்கும் சின்ன ஓட்டையைச் சுற்றிப் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. பம்ப் சீல் போய்விட்டது, கசிவது தரைக்கு வருவதற்கு முன்பே சூட்டில் காய்ந்துவிடுகிறது. உடனே வண்டியை நிறுத்தச் சொன்னேன், பம்ப்பை மாற்றி, உள்ளே கழுவி, போர் தண்ணீர் ஊற்றாமல் நல்ல கூலண்ட் ஊற்றினால்தான் ஓட்டலாம் என்றேன். மாலகொண்டையாதானே மேனேஜர், "சரிண்ணா, நாளைக்கே பம்ப் வந்துடும், நீங்க வதினையோட முழங்காலக் காட்ட நிம்மதியா குண்டூர் போயிட்டு வாங்க" என்றான்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை உப்பு இல்லை, பம்ப் பளபளவென்று இருந்தது. "புதுசு போட்டாச்சுண்ணா, நீங்க போடுற மாதிரியே பாத்துப் பாத்துப் போட்டேன்" என்று சிரித்தான். நான் கைப்பம்பை மாட்டிப் பார்க்கவில்லை ஹைமா. இருபத்திரண்டு வருஷம் ஒரே கேரியரில் சாப்பிட்டவன், அவன் வாயால் சொன்னதற்கு மேல் என்ன சோதனை என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு, அதை விசாரணையிலும் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏசோபு வண்டியில் இருந்தான். பதினைந்து வருஷமாக அந்த பொக்லைனை ஓட்டுகிறவன், உனக்கு ஈச்சம்பழம் கொண்டு வந்து கொடுப்பானே, அவன்தான். கூலண்ட் வாசனை அடித்ததும் இஞ்சினை நிறுத்தியிருக்கிறான். சூட்டைக் காட்டும் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. உள்ளே தண்ணீர் பாதியாக வற்றி, சூட்டை அளக்கும் சென்சார் வெறும் ஆவியில் இருந்தால் முள் எப்படி ஏறும், அது அவனுக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் பொறுத்துவிட்டு மேலே ஏறி மூடியைத் திருகினான். கொதித்தது அத்தனையும் முகத்திலும் கழுத்திலும் வலது கையிலும் அடித்தது. அவன் கத்தின கத்தல் பட்டறை வரைக்கும் கேட்டது.

அவனை ஒங்கோலுக்கு அனுப்பிவிட்டு வண்டியைப் பிரித்தேன். பழைய பம்ப்பேதான் இருந்தது, போன வருஷம் நான் உளியால் போட்ட குறி அதில் அப்படியே இருக்கிறது, மேலே மாலகொண்டையா வெள்ளிப் பெயிண்ட் அடித்திருக்கிறான். ஒழுக்கை அடைக்கும் பொடியைக் கொட்டியதில் தெர்மோஸ்டாட்டைச் சுற்றிச் சேறு மாதிரி அப்பியிருந்தது. கூலண்ட் குறைந்தால் கத்த வேண்டிய அலாரத்தின் இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தான். கசிவு தெரியாமல் செய்ததும் அல்லாமல், தெரிந்தால் கத்துகிற வாயையும் கட்டியிருக்கிறான்.

மாலகொண்டையா பட்டறைக்குப் பின்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கப்பலுக்குக் கல் போகிற வாரம், வண்டி நிற்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம், ஒரு வாரத்தை ஓட்டிவிட்டால் மாற்றிவிடலாம் என்று நினைத்தானாம். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். "அண்ணா, நீங்க பாத்து விட்ட வண்டின்னே இருக்கட்டும். உங்களுக்கு இன்னும் எட்டு மாச சர்வீஸ்தான், வயசுக்கு மரியாதை குடுத்து விட்டுருவாங்க. என் வேலை போனா எம்பொண்ணு ஸ்ரவந்தி கல்யாணம் நின்னுடும்ணா" என்றான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. நான் கையை உருவிக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏசோபுவின் முகம் முழுக்கக் கட்டு, வாய் மட்டும் தெரிந்தது. என் குரலைக் கேட்டதும், "அண்ணய்யா, நான் வண்டில ஏற யோசிச்சப்ப, குண்டூர் போறதுக்கு முன்னாடி நீங்களே பம்ப் மாத்தி ஓட்டிப் பாத்துட்டீங்கன்னு மேனேஜர் சொன்னாரு. அதான் பயமில்லாம தொறந்தேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை ஹைமா, நடந்ததை மட்டும் சொன்னான். அவன் மனைவி மரியம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்துவிட்டு வந்தேன்.

பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வந்த அன்று பம்ப்பையும் ஒயரையும் சாக்கில் போட்டு எடுத்துப்போய் மேஜை மேல் வைத்தேன். மாலகொண்டையாவுக்கு வேலை போனது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி எனக்கும் சொல்லி அனுப்பினார், வண்டியை நிறுத்தக் கூடாது என்று தான் சொல்லவே இல்லை என்கிறார். ஏசோபுவுக்கு இடது கண் பிழைத்துவிட்டது, வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மரியம்மாவுக்கு நஷ்டஈட்டு மனு எழுத நான்தான் கூடப் போய் வருகிறேன், இப்போது உட்காரச் சொல்கிறாள்.

பயத்தில் ஒருவன் பொய் சொல்வது எனக்குப் புரியும். ஆனால் ஏசோபு ஏறத் தயங்கியபோது எந்தப் பெயரைச் சொன்னால் ஏறுவான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே என் பெயரைச் சொன்னான். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீயும் கேட்காமலே அவன் பக்கம் பேசினாயே என்பது அதற்கு அடுத்தபடி.

ஸ்ரவந்தியின் கல்யாணம் நிற்கவில்லை, அடுத்த மாதம் நடக்கிறது. அவள் உன்னோடு வளர்ந்தவள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, நல்ல புடவையாக வாங்கி அனுப்பு. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அந்த மல்லேஸ்வர சுவாமி உங்களைக் காக்கட்டும். வேலையில் யார் சரி பார்த்தேன் என்று சொன்னாலும், நானே சொன்னாலும், நீ ஒரு தரம் கைப்பம்பை மாட்டிப் பார்த்துவிட்டு ஆளை ஏற்று. மாலகொண்டையா மறுபடி கூப்பிட்டால் மரியாதையாகவே பேசு. ஏசோபு எப்படி இருக்கிறான் என்று மட்டும் அவனிடம் கேள். ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் இன்னும் ஒரு நாளும் போகவில்லை.

உன் நலம் ஒன்றையே நினைத்திருக்கும்
நான்னா
குரவய்யா